கடைசி ஆள் முதலில்

ஜாபர் அண்ணா கடைசிக் குடுவையிலும் வெந்நீரை ஊற்றி மூடியைப் போட்டார், மணிக்கடிகாரத்தைத் திருகி ஜன்னல் திட்டில் வைத்தார், இனி அது அடிக்கும்வரை இந்த அறையில் யாரும் பேசக்கூடாது. தேயிலை ஊறும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் தலைமை ருசிப்பாளர் பத்மநாபன் சார் வைத்த சட்டம். அவர் வைத்த சட்டங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான், யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் எதுவும் சொல்ல வேண்டாம், குடுவைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் குடுவைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளைக் கிண்ணம், பின்னால் சின்னத் தட்டில் கொஞ்சம் காய்ந்த தூள், எந்தத் தோட்டத்துத் தூள் என்று தெரியாதபடி வெறும் எண். வடக்கு ஜன்னலில் குன்னூரின் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி நிற்கிறது. மூலையில் நாற்காலியில் நாச்சியப்பன் சார் உட்கார்ந்திருக்கிறார், எங்கள் ஏலக் கம்பெனியின் மேலாளர், கோயம்புத்தூரிலிருந்து காலையிலேயே மலையேறி வந்தவர், கழுத்து மப்ளரைக்கூட இன்னும் எடுக்கவில்லை. இந்த வரிசை முடிந்ததும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே கேள்வி. நேற்று பத்மநாபன் சார் வாயிலிருந்து என் வெள்ளைக் கோட்டின்மேல் விழுந்த தேநீர் தெறித்ததா, துப்பியதா. தெறித்தது என்று நான் சொன்னால் துப்பியது என்று நேற்றே சொன்ன ரோஸ்லின் அக்கா பொய் சொன்னவள், ஒரு வரிசைத் தேநீரை வீணாக்கியவள், பெரியவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியவள், நாளை முதல் வர வேண்டாம். துப்பியது என்று சொன்னால். சொன்னால் என்ன என்பதற்கு மேல் நினைப்பு நகர மறுக்கிறது, சேலை முள்ளில் மாட்டியது போல அதே இடத்தில் இழுக்கிறது, இழுத்தால் கிழியும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

கோட்டைத் துவைத்துவிட்டேன். விடுதிக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கி, இந்தக் குளிரில் காயாது என்று தெரிந்து அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன், ஆனாலும் கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு மஞ்சள் நிழல் இருக்கிறது, தேநீர்க் கறை முழுதாகப் போகாது. அந்த இடத்தை நான் பார்க்கவில்லை, அது என்னைப் பார்க்கிறது. வெதுவெதுப்பாக இருந்தது, அதைத்தான் மறக்க முடியவில்லை, கொதிக்கவில்லை, ஜில்லென்றும் இல்லை, ஒரு வாயின் சூடு. இங்கே துப்புவது அசிங்கமில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் முகம் சுளிப்பார்கள். கரண்டியால் மொண்டு, சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும், காற்றோடு கலந்து மேலண்ணத்தில் அடிக்க வேண்டும், நாக்கில் ஒரு சுற்று, பிறகு சக்கரம் வைத்த பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். ஒரு காலையில் இத்தனை கிண்ணங்களை விழுங்கினால் யாரால் தாங்க முடியும். பத்மநாபன் சார் முதலில் போவார், அவருக்குப் பின் ஜாபர் அண்ணா, பின் ரோஸ்லின் அக்கா. பயிற்சிக்கு வந்திருக்கும் நான் சார் பக்கத்திலேயே தொட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எல்லோரும் முடித்த பிறகு திரும்பி வந்து ஆறிப்போன கிண்ணங்களைக் கடைசியாக ருசிக்க வேண்டும். அவர் துப்புவதைப் பார்ப்பதற்கென்றே தோட்ட முதலாளிகள் விருந்தினரைக் கூட்டி வருவார்கள். தொட்டியை அவ்வளவு தூரத்தில் நிறுத்தச் சொல்லி, தலையைக்கூடத் திருப்பாமல் உதட்டைக் குவித்து விடுவார், மெல்லிய நூல் மாதிரி வளைந்துபோய் நட்டநடுவில் விழும். விளிம்பில் ஒரு சொட்டுப் படாது. "வயசாயிடுச்சு, கண்ணு தப்பும், காது தப்பும், இது மட்டும் தப்பாது," என்று உதட்டைத் தொட்டுக் காட்டுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன், அந்த நூல் உண்மையிலேயே அழகாக இருக்கும்.

அப்படிப்பட்ட வாய்க்கு என் கோட்டின்மேல் மட்டும் எப்படித் தப்பியது. இதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. முதல் தடவை தொட்டியை நான் சரியாக நகர்த்தவில்லை என்று நினைத்தேன். அடுத்த தடவை நான் ரொம்ப ஒட்டி நின்றுவிட்டேன். அதற்கடுத்த தடவை அவருக்கு இருமல். தேயிலையில் குற்றம் கண்டுபிடிக்க எங்களிடம் எத்தனை சொற்கள், புகை, கருகல், பச்சை, புளிப்பு, சாக்கு வாடை, ஈயச் சுவை, செத்த தேநீர், மந்தம், உடம்பில்லாதது, ஒவ்வொன்றையும் நாக்கில் பட்டவுடன் பிரித்துச் சொல்லத்தான் சம்பளம். இந்த அறையில் எனக்கு நடந்ததற்கு மட்டும் ஒரே சொல், தமாஷ். "சார் தமாஷ் பண்றார்மா, உன்னைப் பிடிச்சிருக்கு, அதான்," என்பார் ஜாபர் அண்ணா. எனக்கு உறிஞ்ச வராது. மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டில் பெண்பிள்ளை சத்தம் போட்டுக் குடித்தால் அம்மா தலையில் குட்டுவாள், இருபது வயது தாண்டியும் உதடு அந்தக் குட்டை மறக்கவில்லை, கரண்டியை வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். "பூனை நக்கியாச்சா," என்பார் பத்மநாபன் சார். பெயரே பூனை ஆகிவிட்டது. "பூனையைக் கூப்பிடு, தொட்டி எங்கே." ஒருநாள் எல்லோரையும் நிறுத்திவைத்து என்னை மட்டும் உறிஞ்சச் சொன்னார், இன்னும் சத்தமா, இன்னும், பக்கத்து ரூமுக்குக் கேக்கணும், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஜாபர் அண்ணா அதைப் போனில் பதிவு செய்து அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார். அவருக்கு யார் போன் செய்தாலும் நான் உறிஞ்சினேன், ஏல மண்டபத்தில், டீக்கடையில், மசூதி வாசலில்கூட என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஜாபர் அண்ணா கெட்டவர் இல்லை. மழை நாளில் என்னை விடுதி வாசல்வரை குடைபிடித்துக் கொண்டுவிட்டவர். அதனால்தான் குழப்பம், கெட்டவர்கள் செய்தால் கண்டுபிடித்துவிடலாம், குடை பிடிக்கிறவர் சிரிக்கும்போது அது வலி என்று நம்புவது கஷ்டம். நானும் பல்லைக் காட்டினேன். திங்கட்கிழமை காலை இட்லி இறங்காது, குளிர் ஒத்துக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்வேன். நேற்று அக்கா சொன்ன பிறகுதான் விடுதிப் படுக்கையில் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்த்தேன், அவர் குறி தப்பிய நாளெல்லாம் நான் சரியாகச் சொன்ன நாள். புகை என்று நான் சொல்லி அவர் இல்லையென்று மறுத்து, பிறகு ஆமாம் என்ற நாள். நேற்றும் அப்படித்தான், அவருக்கு வேண்டப்பட்ட ஒரு தோட்டத்தின் தேநீரில் சாக்கு வாடை என்றேன். மறுபடி ஊற்றிப் பார்த்தார்கள். சாக்கு வாடைதான். அடுத்த வரிசையில் அவர் குறி தப்பியது.

ரோஸ்லின் அக்காவின் கரண்டிச் சத்தம். அதை நான் சாகும்வரை கேட்பேன் என்று நினைக்கிறேன். பெரிய சத்தமில்லை, கரண்டியை மேசையில் வைத்தாள், டிக், அவ்வளவுதான். ஆனால் இந்த அறையில் ருசிப்பவர் கரண்டியைக் கீழே வைப்பதே கிடையாது, வரிசை தொடங்கினால் முடியும்வரை நிற்கக்கூடாது, ஒருவர் நின்றால் பின்னால் எல்லாம் ஆறும், ஆறியதை வைத்து ஏலத்துக்கு விலை போட முடியாது, அது பயிற்சிக்கு வந்தவளுக்குத்தான் ஆகும், மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். காய்ச்சலோடு வந்தவர்கள்கூட நின்றதில்லை. அக்கா நின்றாள். கோட்டில் வழிவதை நான் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தேன், ஜாபர் அண்ணா பாதிச் சிரிப்பில் இருந்தார். "ரோஸ்லின், டீ ஆறுது," என்றார் பத்மநாபன் சார். "ஆறட்டும் சார்," என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நானாக இருந்தால் குரல் கிறீச்சிட்டிருக்கும், அழுதிருப்பேன். அவள் ஒரு கிண்ணத்தைப் பற்றி மதிப்புச் சொல்கிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள், "உங்களுக்குக் குறி தப்பாது சார். நாங்க எல்லாருமே பார்த்திருக்கோம். அது தெறிக்கல. துப்புனீங்க." "தமாஷுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்றார் அவர். "தெரியும் சார். தமாஷுன்னா அவளும் சிரிப்பா." "சிரிச்சாளே." "அவ சிரிக்கல சார், பல்லைக் காட்டுனா. பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியும்." தெரியுமா. அக்காவுக்குத் தெரிந்திருந்ததா. நான் யாருக்கும் தெரியாது என்று எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன், அவள் அதைத் தொட்டுக் காட்டியதும் எனக்கு வெட்கம் வரவில்லை, முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. இத்தனைக்கும் அக்கா வீராங்கனை கிடையாது. பல்லிக்குப் பயப்படுவாள். கோத்தகிரி பஸ்ஸில் சீட்டுக்காக நடத்துநரிடம் கெஞ்சுவாள். பத்மநாபன் சாரின் நாக்கைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவளும் அவள்தான். நேற்று கரண்டியை வைத்த பிறகு அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன், கோட்டுப் பைக்குள் விட்டு மறைத்தாள், பைக்குள்ளேயும் நடுங்கியது, துணி ஆடியது. அந்த நடுக்கத்தோடு அந்தக் குரல். அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. பயம் போன பிறகுதான் பேச முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் பஸ் நிலையத்தில் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நின்றாள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்று சார் சொல்லியனுப்பியிருந்தார், அக்கா கேட்கவில்லை, நாச்சியப்பன் சாருக்கு இரண்டு பக்கமிருந்தும் போன் போயிருந்தது. "ஏன்க்கா எனக்காக," என்று கேட்டேன். "உனக்காகன்னு யார்டீ சொன்னா. நீ தாங்கிக்கிட்டே. எனக்குத் தாங்கல," என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு முதுகு சரியில்லை, பிள்ளை கான்வென்டில் படிக்கிறது, இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவள் அதைச் சொல்லவே இல்லை, சுண்டலில் மாங்காய் போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள். "நாளைக்கு என்னைக் கேட்டா என்னக்கா சொல்லட்டும்," என்றேன். "என்னைக் கேக்காத மிருது. நான் சொல்லிக் குடுத்தா அது என் பேச்சாயிடும். எடுத்துக்கோ, ஆறுது." இந்த அறையில் ருசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவர் நாக்கு நம் நாக்குக்குள் வந்துவிடும். பஸ் நிலையத்திலும் அதையே செய்தாள், தன் வேலை என் வாயில் தொங்கும்போதுகூட. நான் அப்படி இருப்பேனா. என் பயிற்சிக் காலம் முடியப்போகிறது, இந்த மேசையில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதைப் பத்மநாபன் சார்தான் சொல்ல வேண்டும், அவர் இல்லையென்றால் இந்த ஊரில் வேறு எந்த மேசையிலும் கிடையாது, தேயிலை ருசிக்கிறவர்கள் எல்லோரும் அவருக்குத் தொட்டி தள்ளி வளர்ந்தவர்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. கிண்ணத்தை வெளிச்சத்துக்குச் சாய்க்கும்போது ஓரத்தில் ஒரு தங்கக் கோடு வருமே, நல்ல தேநீருக்கு மட்டும், அதைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமெல்லாம் போய்விடும். தெறித்தது என்று சொல்லிவிட்டால் அந்தக் கோடு எனக்குக் கிடைக்கும். தொட்டியும் கிடைக்கும். அக்கா நிற்கும் இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். எனக்குப் பிறகு தொட்டி தள்ள இன்னொரு பெண் வருவாள், நான் பக்கத்தில் நிற்பேன், அவள் பல்லைக் காட்டுவாள், நான் பார்ப்பேன்.

மணி. எல்லோருக்கும் உயிர் வந்தது போல நகர்கிறார்கள். ஜாபர் அண்ணா குடுவைகளைக் கிண்ணங்களில் கவிழ்த்துக்கொண்டே போகிறார், செந்நிறம் வடிகிறது, ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியில் படிகிறது. பத்மநாபன் சார் கரண்டியை எடுக்கிறார். நான் தொட்டியைப் பிடிக்கிறேன். இன்று அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை, உறிஞ்சுகிறார், சர்ர், அந்தச் சத்தத்தில் இப்போதும் ஒரு அழகு இருக்கிறது, இல்லையென்று சொன்னால் அதுவும் பொய், நூல் வளைந்துபோய் நடுவில் விழுகிறது, அடுத்ததும் நடுவில், அடுத்ததும், விளிம்பில் ஒரு சொட்டில்லை. மேலாளர் பார்க்கிறார் என்பதால் இன்னும் நேர்த்தியாகவே துப்புகிறார். வாசலுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு போன் அடிக்கிறது, என் தோள் தானாகச் சுருங்குகிறது, ஆனால் வருவது சாதாரண டிரிங் டிரிங், ஜாபர் அண்ணா தன் மேல்கோட்டை நோக்கி ஓடுகிறார், ஓடும்போது என்னைப் பார்க்காமல் பார்க்கிறார். மாற்றிவிட்டார். எப்போது மாற்றினார், நேற்றா, யாரும் சொல்லாமலா. அக்கா முடித்துவிட்டாள். என் முறை. மேசையின் முதல் முனைக்கு வருகிறேன், ஆறிய கிண்ணம், கரண்டி, உதடு மூடிக்கொள்ளப் பார்க்கிறது, அம்மாவின் குட்டு, பூனை, அக்காவின் டிக். உறிஞ்சினேன். அறை நிறைய சத்தம், அசிங்கமான, நீளமான சத்தம், என்னுடையதுதான். யாரும் சிரிக்கவில்லை. நாக்கின் பின்னால் ஏதோ மலர்ந்தது, இத்தனை மாதமும் மூடிய உதட்டால் நான் இழந்துகொண்டிருந்த வாசம் இதுதானா, இதற்காகத்தானா இவர்கள் எல்லோரும் கூச்சத்தை விட்டார்கள். துப்பினேன். அடுத்த கிண்ணம்.

நாச்சியப்பன் சார் நாற்காலியிலிருந்து எழுந்து மேசையருகே வந்தார். "பத்மநாபன், முதல்ல நீங்களே சொல்லிடுங்க, நேத்து என்ன நடந்தது," என்றார். சார் தொண்டையைச் செருமினார். ஆரம்பித்தால் முடிந்தது, அவர் சொன்ன பிறகு வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தை அல்ல. அப்போது ஜாபர் அண்ணா, கெட்டிலைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார், "இந்த ரூம்ல அப்படிக் கேக்க மாட்டோம் சார். ருசிக்கிறது பெரியவர் முதல்ல. சொல்றது கடைசி ஆள் முதல்ல. பெரியவர் சொல்லிட்டா சின்னவங்க நாக்கு அதையே சொல்லும்னு, சார் வச்ச சட்டம்தான்." ஆமாம், அது அவர் வைத்த சட்டம்தான். தினமும் என்னை முதலில் பேசவைத்து, பிறகு எல்லோர் முன்னும் அதைப் பிரித்துப்போட்டுச் சிரிப்பதற்கு அவருக்கு வசதியாக இருந்த சட்டம், ஆனாலும் நல்ல சட்டம். நாச்சியப்பன் சார் என் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க சொல்லுங்கம்மா." கோட்டின் மஞ்சள் நிழல் சூடாக இருந்தது. கை நடுங்கியது, பைக்குள் விட்டுக்கொண்டேன், நடுங்கட்டும். புகை, கருகல், பச்சை, சாக்கு வாடை. நாக்கில் பட்டதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. "துப்பினது சார்," என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது, கிழியவில்லை. "முதல் தடவை இல்ல." அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். "துப்பினது," என்றாள் ரோஸ்லின் அக்கா, நேற்றைய அதே குரலில். ஜாபர் அண்ணா துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "துப்பினதுதான் சார். நாங்க சிரிச்சோம்." இனி ஒருவர் மட்டும் பாக்கி. எல்லோரும் சொன்ன பிறகு கடைசியாகச் சொல்லி முடிப்பது எப்போதும் அவர்தான், அவர் சொல்லுக்குத்தான் இந்த ஊரில் விலை. தெறித்தது என்று சொல்லலாம். சொன்னால், தன் வாய்க்குக் குறி தப்பும் என்று எங்கள் நால்வர் முன்னாலும் அவரே சொன்னதாக ஆகும். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தார், ஓரத்தில் தங்கக் கோடு இருக்கிறதா என்று தேடுவது போல. அக்கா வந்து தொட்டியின் மறுபக்கத்தில் கைவைத்தாள், இருவரும் சேர்ந்து அதை மேசையை விட்டுத் தள்ளி, தூரமாக, அவர் விருந்தினருக்குக் காட்டும் தூரத்தில் நிறுத்தினோம். பிறகு அவர் முறைக்காகக் காத்திருந்தோம்.